டபரா விளிம்பில் ஒட்டும் காந்தம்

தி. நகர் பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் வாங்குகிறவர்கள் பலருக்கு ஒரு சோதனை தெரியும். சின்னக் காந்தம் ஒன்றைப் பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பது. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல். கடைக்காரர்களே சில சமயம் காந்தத்தை நீட்டி, “நீங்களே வெச்சுப் பாருங்கம்மா” என்பதுண்டு. இந்தச் சோதனையை ஓர் இடத்தோடு நிறுத்தாமல் பாத்திரம் முழுக்க நிதானமாகச் செய்தால் வேறொரு கதை வெளியே வரும். நல்ல 304 கிரேடு தகட்டை அச்சில் அழுத்தி எடுத்த டபராவில், அடிப்பாகத்தின் நடுவே காந்தம் வழுக்கி விழும். அடி வளைந்து சுவராக எழும் இடத்தில் லேசான இழுப்பு தெரியும். சுவரில் மேலே போகப்போக இழுப்பு கூடும். விளிம்பை வெளிப்பக்கம் மடித்துச் சுருட்டிய வளையத்தில் சில டபராக்களில் காந்தம் தொங்கியே நிற்கும். ஒரே உலைக்களத்தில் உருக்கி, ஒரே தகடாக உருட்டி, ஒரே வில்லையாக வெட்டிய உலோகம்தான் இது. அடியில் ஒரு குணமும் விளிம்பில் இன்னொரு குணமும் எங்கிருந்து வந்தன? கடையில் விடை சொல்லிவிடுவார்கள், கலப்படம் என்று. அந்த விடை தவறு. சரியான விடை, ஒரு திடப்பொருளுக்குள்ளேயே வேறொரு படிகம் பிறப்பது எப்படி என்ற கேள்வியில் இருக்கிறது. திடப்பொருள் நிலை மாறுவதற்கு மாற்றம் ஆதாயமாக இருந்தால் மட்டும் போதாது, புதிய படிகம் பிறக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பெரும்பாலும் தருவது பழைய படிகத்தில் இருக்கும் ஏதோ ஒரு பிசகு. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம். இதற்கான சான்றுகளில் பாதி மயிலாப்பூர் சமையலறையிலேயே கிடைக்கின்றன.

இரும்பிலிருந்து தொடங்குவோம். சாதாரண வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவிலும் உட்கார்ந்திருக்கும். 912 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அவை இடம் மாறி, கனசதுரத்தின் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமர்ந்துகொள்ளும். முதல் அமைப்பை ஃபெரைட் என்றும் இரண்டாவதை ஆஸ்டெனைட் என்றும் அழைக்கிறார்கள். ஃபெரைட்டைக் காந்தம் இழுக்கும், ஆஸ்டெனைட்டை இழுக்காது. போதுமான நிக்கலைச் சேர்த்தால் அந்த உயர்வெப்ப அமைப்பு அறை வெப்பநிலைக்கு இறங்கி வந்த பிறகும் அப்படியே நிற்கும். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் க்ரூப் நிறுவனத்தின் ஸ்ட்ராஸும் மௌரரும் 1912இல் காப்புரிமைக்குக் கொண்டுபோன குரோமியம்-நிக்கல் எஃகு இந்த வகைதான். நம் வீட்டு 304 அதன் வாரிசு: குரோமியம் 18 முதல் 20 சதவீதம், நிக்கல் 8 முதல் 10.5 சதவீதம். துருவைத் தடுப்பது குரோமியம். ஆஸ்டெனைட்டைக் காப்பாற்றுவது நிக்கல். இரண்டும் இரண்டு வேலை என்பதை மறந்ததால்தான் காந்தச் சோதனை இத்தனை மரியாதை பெற்றது. ஒரு ரூபாய் நாணயத்தையே பாருங்கள். 1992 முதல் வந்த எஃகு நாணயங்களில் சுமார் 17 சதவீதம் குரோமியம் உண்டு, நிக்கல் இல்லை. காந்தம் பளிச்சென்று ஒட்டும். எத்தனையோ ஆண்டு ஊரார் கையில் புழங்கினாலும் அது துருப்பிடிப்பதில்லை.

நிக்கல் ஆஸ்டெனைட்டைக் காப்பாற்றுகிறது என்றேன். அந்தக் காப்பு முழுமையானதன்று. 304 எஃகின் ஆற்றல் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அறை வெப்பநிலையில் அதற்கு மலிவான அமைப்பு ஆஸ்டெனைட் இல்லை. கனசதுர நடுவில் அணு உட்கார்ந்த அந்தப் பழைய அமைப்புதான். ஆக, அலமாரியில் அடுக்கிய ஒவ்வொரு 304 டபராவும் மாறினால் ஆதாயம் என்ற நிலையில், மாறாமல் இருக்கிறது. சூடு போதாததால் அணுக்கள் நகர முடியாமல் முடங்கிக் கிடக்கின்றன என்று ஒருவர் சொல்லலாம். அது பாதிதான் சரி. ஏனென்றால் இந்த மாற்றத்தில் அணுக்கள் தனித்தனியாக ஊர்ந்து போக வேண்டியதில்லை. படை அணிவகுத்துத் திரும்புவதுபோல் கூட்டமாக, ஓர் அணு இடைவெளியைவிடக் குறைவான தூரம் சாய்ந்தாலே போதும். இப்படிப் பிறக்கும் அமைப்புக்கு 1895இல் பிரெஞ்சு உலோகவியலாளர் ஆஸ்மண்ட், ஜெர்மானிய ஆய்வாளர் அடால்ஃப் மார்டென்ஸைச் சிறப்பித்து மார்ட்டென்சைட் என்று பெயர் வைத்தார். நகர்வதற்குச் சூடு தேவைப்படாத மாற்றம் இது. அப்படியிருந்தும் 304 தகட்டைத் திரவ நைட்ரஜனில் முக்கி மைனஸ் 196 டிகிரிக்குக் கொண்டுபோனால்கூட, ஆதாயம் இன்னும் பெருகிய பிறகும், பல வார்ப்புகள் பெரும்பாலும் ஆஸ்டெனைட்டாகவே மீண்டு வருகின்றன. அதே தகட்டை அறை வெப்பநிலையில் கையால் நாலைந்து முறை மடித்து நிமிர்த்தினால், மடித்த கோட்டில் காந்தம் இழுக்கத் தொடங்கும். கடுங்குளிரால் முடியாத காரியத்தை மடிப்பு செய்துவிடுகிறது. இதை விளங்கிக்கொள்ளாமல் மேலே போக முடியாது.

புதிய படிகம் முதலில் ஒரு துளியூண்டுக் கருவாகத்தான் தோன்ற முடியும். கரு பிறந்தால் அதன் கனஅளவுக்கு ஏற்ப ஆற்றல் மிச்சமாகும். அதே சமயம் பழைய அமைப்புக்கும் புதிய அமைப்புக்கும் நடுவே ஒரு எல்லைப் பரப்பு உண்டாகும்; அதற்கு ஆற்றல் செலவாகும். வரவு ஆரத்தின் மும்மடியாக வளர்கிறது, செலவு இருமடியாக. கரு சிறியதாக இருக்கும்வரை செலவே மேலோங்கும், பிறந்தது கரைந்து போகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிவிட்டால் வரவு மிஞ்சும், பிறகு வளர்ச்சியைத் தடுக்க ஆளில்லை. சிறு கடை போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டாம். முன்பணம் மூழ்கும் மாதங்களைத் தாண்டுவதுதான் அங்கேயும் சிக்கல். கிப்ஸ் அடித்தளம் போட்டுக் கொடுத்த இந்தச் சிந்தனையை 1926இல் வோல்மரும் வெபரும், 1935இல் பெக்கரும் டோரிங்கும் விரிவான கோட்பாடாக ஆக்கினார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது ஆவியிலிருந்து திவலை உண்டாவது. திடப்பொருளில் மூன்றாவதாக ஒரு செலவும் சேர்ந்துகொள்கிறது. ஆவிக்குள் பிறக்கும் திவலை சுற்றுப்புறத்தை நெரிப்பதில்லை. திடத்துக்குள் பிறக்கும் படிகமோ, பழைய படிகம் விட்டுத்தரும் இடத்தில், அதே வடிவத்தில் அடங்கியாக வேண்டும். 304இல் மார்ட்டென்சைட் ஆஸ்டெனைட்டைவிடச் சுமார் 2 சதவீதம் கூடுதல் இடம் கேட்கிறது. கூடவே பக்கவாட்டில் சாயவும் சாய்கிறது. சுற்றியிருக்கும் உலோகம் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த இறுக்கத்தையும் செலவில் சேர்த்தால், பிசகே இல்லாத படிகத்துக்குள் தானாக ஒரு மார்ட்டென்சைட் கரு பிறக்கத் தாண்ட வேண்டிய மேடு, வெப்பத்தால் அணுக்கள் அதிரும் அதிர்வு எட்டிப்பிடிக்கக்கூடிய உயரத்தில் இல்லவே இல்லை.

இறுக்கத்தின் கதையை இன்னும் துலக்கமாகச் சொல்வது ஈயச் சொம்பு. ரசத்துக்கு ஈயச் சொம்புதான் என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகள் மயிலாப்பூரில் இன்னும் உண்டு. பெயர் ஈயம் என்றாலும் உலோகம் வெள்ளீயம். காரீயம் என்பது வேறு, அது நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால், புளித்தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது என்று மாமியார்கள் மருமகள்களை எச்சரித்து வந்திருக்கிறார்கள். அதற்கு இன்னொரு கண்டமும் உண்டு, மறுகோடியில். 13.2 டிகிரிக்குக் கீழே வெள்ளை வெள்ளீயத்துக்கு நிலையான அமைப்பு சாம்பல் வெள்ளீயம். அது வைரத்தைப் போன்ற படிக அமைப்பு கொண்டது, உலோகப் பளபளப்பு இல்லாதது, நொறுங்கிப் பொடியாவது. வெள்ளையின் அடர்த்தி 7.3, சாம்பலின் அடர்த்தி 5.8 அளவு. அதாவது மாறும்போது கனஅளவு கால்பங்குக்கும் மேலே பெருகுகிறது. 1851இல் எர்ட்மன் என்ற வேதியியலாளர் ஜெர்மனியின் ஸைட்ஸ் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் குழாய்கள் இப்படிப் பொரிந்து உதிர்வதை எழுதிவைத்தார். நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் படைவீரர்களின் பொத்தான்கள் பொடியாயின என்ற கதையைப் பலரும் சொல்வார்கள். அதை நம்பத் தகுந்த சான்று கிடையாது. கதை எடுபட்டதற்குக் காரணம் ரஷ்யக் குளிர். ஆனால் குளிர் மட்டும் போதும் என்றால் இந்த ஊரிலும் கவலைப்பட வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். சென்னையில் எங்கே 13.2 டிகிரி? நுங்கம்பாக்கத்துப் பதிவேட்டில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலையே 1895 டிசம்பரில் பதிவான 13.9 டிகிரிதான். எல்லையைத் தொடாத ஊரில் சொம்பு உதிராமல் இருப்பது எந்த வாதத்துக்கும் சான்றாகாது. நியாயமான ஆட்சேபம், குளிர்சாதனப் பெட்டி வராத காலத்துக்கு. இன்றைக்கு மிஞ்சிய ரசத்தைச் சொம்போடு ஃபிரிட்ஜில் வைத்தால் அது ராத்திரி முழுக்க 4, 5 டிகிரியில் இருக்கும். சாம்பலாக மாறினால் ஆதாயம் என்ற எல்லைக்குள் ஒன்பது டிகிரி உள்ளே போயாயிற்று. சொம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆதாயம் சொற்பம் என்பது ஒரு காரணம்: அந்த வெப்பநிலையில் ஒரு மோலுக்கு எழுபது ஜூல் அளவுதான் தேறும், வெள்ளீயம் உருகத் தேவைப்படும் வெப்பத்தில் இது நூறில் ஒரு பங்கு. அந்தச் சொற்ப வரவை வைத்துக்கொண்டு கால்பங்கு பெரிதான ஒரு கருவை, இறுகிய உலோகத்துக்கு நடுவில் திணிக்க வேண்டும். ஆதாயம் கூடினால் மட்டும் உடனே நடந்துவிடுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். காரீயமில்லாப் பற்றாசுக்கான ஓர் உலோகக் கலவையை, அரை சதவீதம் செம்பு சேர்த்த வெள்ளீயத்தை, பிரிட்டனில் மைனஸ் 18 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். 2001இல் முடிவு வெளியானது. நம் வீட்டு ஃப்ரீசரின் வெப்பநிலைதான் அந்த மைனஸ் 18. மேற்பரப்பில் சுமார் 40 சதவீதம் சாம்பலாக ஒன்றரை ஆண்டுகள் ஆயின. ஆனால் ஏற்கெனவே மாறிய சாம்பல் பொடியைத் தேய்த்துவிட்டாலோ, சாம்பல் வெள்ளீயத்தின் அணு இடைவெளியோடு அச்சாகப் பொருந்தும் இண்டியம் ஆண்டிமனைடு, காட்மியம் டெல்லூரைடு போன்ற வேற்றுப் படிகத் துகளை அழுத்திப் பதித்தாலோ, காத்திருப்பு வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. வெப்பநிலை அதே, உலோகம் அதே, ஆதாயமும் அதே. மாறியது ஒன்றுதான்: பிறப்பதற்கு ஒரு மடி கிடைத்தது. ஆர்கன் குழாயில் ஒரு புள்ளியில் தொடங்கியது அக்கம்பக்கம் பரவுவதைக் கண்டவர்கள் அதை நோய் என்றும் தொற்று என்றும் நினைத்ததில் வியப்பில்லை. கொஞ்சம் காரீயமோ பிஸ்மத்தோ ஆண்டிமனியோ கலந்திருந்தால் இந்த நோய் அண்டாது. அதற்காகச் சொம்பில் காரீயக் கலப்படத்தை யாரும் வரவேற்றுவிடக் கூடாது. உதிராத சொம்பைவிட உடம்பு முக்கியம்.

வெள்ளீயத்தில் மடியை வெளியிலிருந்து கொடுத்தோம். எஃகில் அது உள்ளேயே இருக்கிறது என்பதற்கு நேர்ச் சான்று வேண்டும். செக், டர்ன்புல் என்ற இருவர் 1956இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தருகிறது. இரும்பில் சுமார் 30 சதவீதம் நிக்கல் கலந்த உலோகத்தை நுண்ணிய பொடியாக்கி அவர்கள் குளிரவைத்தார்கள். இந்தக் கலவை முழுக்கட்டியாக இருக்கும்போது குறிப்பிட்ட குளிரில் மார்ட்டென்சைட்டாக மாறத் தொடங்கிவிடும். பொடியாக்கிய பிறகு எல்லாத் துகளும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. பெரிய துகள்கள் முன்னதாக மாறின, சிறியவை அதிகக் குளிருக்குக் காத்திருந்தன, சில துகள்கள் எவ்வளவு குளிர்ந்தும் மாறவே இல்லை. மாற்றம் படிகத்தின் எந்த இடத்திலும் தானாகத் தொடங்கக்கூடியது என்றால் துகளின் அளவு இப்படி ஆட்டிவைக்காது. சில அபூர்வமான இடங்களில் மட்டும்தான் தொடங்கும் என்றால், கட்டியை உடைக்கும்போது அந்த இடங்கள் சில துகள்களுக்குக் கிடைத்திருக்கும், பல துகள்களுக்குக் கிடைத்திருக்காது. கிடைக்காதவை மலடாகவே நின்றுவிட்டன. மார்ட்டென்சைட்டின் பிறப்பிடம் ஒரு பிசகு என்பதை இதைவிடச் சுருக்கமாக நிறுவிய சோதனையை நான் அறியேன்.

அந்தப் பிசகு எப்படி இருக்கும் என்று பார்க்க மாடவீதி வாசலில் போடும் கோலம் உதவும். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என இரு வகை உண்டல்லவா? ஒரு வரிசையின் புள்ளிகளுக்கு இடையில் அடுத்த வரிசைப் புள்ளி வரும்படி வைப்பது ஊடுபுள்ளி. ஆஸ்டெனைட்டில் அணுக்கள் மிக நெருங்கி அமர்ந்த தளங்கள் சரியாக இந்த ஊடுபுள்ளி அமைப்பில் இருக்கின்றன. ஒரு தளத்தின் பள்ளங்களில் அடுத்த தளத்தின் அணுக்கள் உட்காரும். நான்காவது தளம் முதல் தளத்துக்கு நேர் மேலே வரும். தகட்டை வளைக்கும்போது இந்தத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. 304இல் ஒரு தளம் பாதி வழுக்கலோடு நின்றுவிடுவதற்குச் செலவு மிகக் குறைவு. அதனால் மூன்றுக்கு ஒன்று என்ற அடுக்கு ஒழுங்கு பிசகிய பட்டைகள் உள்ளே ஏராளமாக உண்டாகும். ஒரு திசையில் ஓடும் பட்டையும் இன்னொரு திசையில் ஓடும் பட்டையும் குறுக்கிடும் இடத்தில் அணுக்கள் இருமுறை சாய்க்கப்படுகின்றன. அப்படி இருமுறை சாய்ந்த அமைப்பு கிட்டத்தட்ட மார்ட்டென்சைட்டின் அமைப்பேதான். கரு தாண்ட வேண்டிய மேட்டில் பெரும்பகுதியை அந்தக் குறுக்குச்சந்தி ஏற்கெனவே ஏறிக் கொடுத்துவிட்டது. மின்நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இந்தச் சந்திகளில் மார்ட்டென்சைட் துணுக்குகள் அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். 1975இல் ஓல்சனும் கோஹனும் இதையே கணக்காக எழுதினார்கள்: தகட்டின் உருமாற்றம், அதாவது வளைப்பும் இழுப்பும், கூடக்கூடப் பட்டைகள் பெருகும், பட்டைகள் பெருகினால் சந்திகள் அதைவிட வேகமாகப் பெருகும், சந்திகளில் ஒரு பங்கு கருவாகும். தொடக்கத்தில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் முடிவில் மறுபடி மெதுவாகவும் போகும் வளைகோட்டை அந்தக் கணக்கு தந்தது. சோதனைகளில் கிடைத்த வளைகோடும் அதே வடிவம். இப்போது டபராவைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். வட்ட வில்லையை அச்சில் அழுத்தும்போது அடிப்பாகத்தின் நடு கிட்டத்தட்ட அசையாமல் இருக்கிறது. வில்லையின் வெளிவட்டம் சுருங்கிச் சுவராக எழுகிறது, ஆகவே மேலே போகப்போகத் தகடு பட்ட பாடு அதிகம். விளிம்போ அதற்கும் மேலே ஒருமுறை மடிபட்டது. காந்தம் கையில் உணர்த்தும் இழுப்பு, எந்த இடம் எவ்வளவு பாடுபட்டது என்ற வரைபடம்.

பிசகுக்கு இத்தனை பெருமை தருவது மிகை என்று ஒரு உலோகவியலாளர் மறுக்கலாம். எது மாறும், எது மாறாது என்பதைச் சேர்மானமும் வெப்பநிலையும் தீர்மானிக்கவில்லையா? தீர்மானிக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஏஞ்சல் என்ற ஆய்வாளர் 1954இல் தந்த சூத்திரம் ஒன்று இன்றும் ஆலைகளில் புழங்குகிறது. 30 சதவீத உருமாற்றத்தில் பாதி மார்ட்டென்சைட்டாகிவிடும் வெப்பநிலை எது என்று அது சொல்லும். குரோமியம் 18, நிக்கல் 8, மாங்கனீசு 1.2, சிலிக்கான் 0.5, கார்பன் 0.05, நைட்ரஜன் 0.04 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் விடை சுமார் 35 டிகிரி. நிக்கலை மட்டும் 10 ஆக்கினால் விடை 16 டிகிரிக்கும் கீழே இறங்கும். இரண்டுமே 304 என்ற முத்திரைக்குள் அடங்கும் எஃகுகள்தான். சென்னைப் பட்டறையின் வெப்பம் இந்த இரண்டுக்கும் நடுவிலும் அதை ஒட்டியும் ஆண்டு முழுவதும் ஊசலாடுகிறது. அதனால் சட்டப்படி ஒரே கிரேடான இரண்டு டபராக்களில் ஒன்றின் விளிம்பில் காந்தம் தொங்கும், மற்றதில் தொங்காது. தொங்குவது நிக்கலில் சிக்கனம் பிடித்த எஃகு, ஆனால் போலி இல்லை. ஆனால் சூத்திரம் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். 30 சதவீத உருமாற்றம் என்ற நிபந்தனை அதன் வரையறையிலேயே இருக்கிறது. உருமாற்றம் பூஜ்யம் என்றால் அந்த 35 டிகிரி எஃகும் 35 டிகிரியில் மாறுவதில்லை, பூஜ்யத்திலும் மாறுவதில்லை. சேர்மானமும் வெப்பநிலையும் ஆதாயத்தை நிர்ணயிக்கின்றன, பட்டைகள் எளிதில் உண்டாகுமா என்பதையும் நிர்ணயிக்கின்றன. எங்கே பிறக்கும் என்பதை அவை சொல்வதில்லை. ஒரே சேர்மானம், ஒரே வெப்பநிலை கொண்ட டபராவில் அடியும் விளிம்பும் வேறுபடுவதை அவற்றால் விளக்கவும் முடியாது.

இன்னொரு மறுப்பு சொல்லைப் பற்றியது. மார்ட்டென்சைட்டை ‘கரு பிறந்து வளர்வது’ என்றே சொல்லக் கூடாது, அது ஒரே அதிர்ச்சியில் நிகழும் சாய்வு என்று வாதிட்டவர்கள் உண்டு. அவர்கள் கண்முன் இருந்தது வேகம். இரும்பு-நிக்கல் கலவையில் ஒரு மார்ட்டென்சைட் தகடு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் அளவு வேகத்தில் பாய்வதை 1950களில் அளந்தார்கள். இத்தனை வேகத்தில் வளர்ச்சி நடந்தால் பிறப்பு எங்கே, வளர்ப்பு எங்கே என்று பிரிப்பது வீண்வேலையாகத் தோன்றலாம். எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. வளர்ச்சிக்கு நேரமே ஆவதில்லை என்றால், மாற்றத்தின் முழுக் கணக்கும் பிறப்பிலேயே முடிந்துவிடுகிறது. 304இல் இது இன்னும் வெளிப்படை. சந்தியில் பிறக்கும் மார்ட்டென்சைட் துணுக்கு சுற்றியிருக்கும் பிசகுக் காட்டில் மாட்டிக்கொண்டு சற்றுத் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. காந்தம் ஒட்டும் அளவுக்கு மார்ட்டென்சைட் சேர்வது ஒரு துணுக்கு பெருத்து நடப்பதில்லை. மேலும் மேலும் புதிய துணுக்குகள் பிறந்து, ஒன்றோடொன்று இணைந்து நடப்பது.

கடைக்காரர் தரப்பு மறுப்புக்கும் விடை சொல்ல வேண்டும்: விஞ்ஞானம் இருக்கட்டும், நடைமுறையில் சோதனை உதவுகிறதே? ஓரளவு உதவும். தட்டையான அடிப்பாகத்திலேயே காந்தம் வலுவாக ஒட்டினால் அது நிக்கல் இல்லாத ஃபெரைட் வகை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அடியில் ஒட்டும்படி வேண்டுமென்றே அடுக்குத் தகடு வைத்த இண்டக்‌ஷன் பாத்திரங்கள் தனி. ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதிலிருந்து 304 என்ற முடிவுக்கு வர முடியாது. சந்தையில் ஜே4 என்று பெயர்பெற்ற மலிவு எஃகில் நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மாங்கனீசும் செம்பும் சேர்த்து ஆஸ்டெனைட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். குரோமியமும் 304ஐவிடக் குறைவு, உப்புக்கும் புளிக்கும் தாங்கும் சக்தியும் குறைவு. தகடாக இருக்கையில் அதிலும் காந்தம் ஒட்டாது. ஆக, மலிவானதைத் தேர்ச்சி பெறவைத்து, நல்ல 304இன் விளிம்பைத் தோற்கடிக்கும் சோதனை இது. நிக்கல் குறைந்த ஆஸ்டெனைட் எஃகுகளில் வேறொரு தொல்லையும் உண்டு. ஆழமாக அழுத்தி எடுத்த பாத்திரம் அச்சிலிருந்து முழுசாக வெளியே வரும், சில மணியோ சில நாளோ கழித்து யாரும் தொடாமலே விளிம்பிலிருந்து கீழ்நோக்கி விரிசல் விடும். அழுத்தத்தில் பிறந்த மார்ட்டென்சைட், உள்ளே தேங்கிய இறுக்கம், எஃகில் ஒளிந்திருக்கும் துளி ஹைட்ரஜன், மூன்றும் சேர்ந்த வேலை அது. இதைத் தடுக்கத்தான் நல்ல பட்டறைகள் இடையிடையே அனீலிங் போடுகின்றன. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது மார்ட்டென்சைட் ஆஸ்டெனைட்டாகத் திரும்பிவிடும், பிசகுகளும் கலைந்துவிடும்.

பிசகை ஒழிப்பதே நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்கே 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையும், 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையும் உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படுபவை. அந்தச் சோடியம் 500 டிகிரிக்கு மேல் சூடேறி ஓடும். எரிபொருளைப் பொதிந்திருக்கும் மெல்லிய குழாய்கள் மேல் வேக நியூட்ரான்கள் ஓயாமல் மோதி, அணுக்களை இடம்பெயர்த்துத் தள்ளும். காலி இடங்கள் ஒன்றுகூடி நுண்குழிகளாகி, குழாய் உப்பும். அதைச் சமாளிக்க முன்மாதிரி ஈனுலைக்குத் தேர்ந்தெடுத்த எஃகு டி9 என்ற வகை: குரோமியம் 15, நிக்கல் 15 சதவீதம், கூடவே கொஞ்சம் டைட்டானியம். குழாயை அனீலிங் செய்து பிசகு நீக்கிக் கொடுப்பதில்லை. 20 சதவீதம் குளிர்நிலையில் இழுத்து, வேண்டுமென்றே பிசகுகளை நிரப்பித்தான் பயன்படுத்துகிறார்கள். நிக்கல் 15 சதவீதம் என்பதால் இந்த இழுப்பில் மார்ட்டென்சைட் பிறக்காது. உலையின் சூட்டில் அந்தப் பிசகுகளின் மேல் வேறொன்று பிறக்கிறது: டைட்டானியம் கார்பைடின் மிக நுண்ணிய படிகங்கள். பிசகு இல்லாவிட்டால் அவை உலோகத்தின் படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் மட்டும் சிலவாகவும் பருத்தும் உண்டாகும். பிசகுகள் எங்கும் இருப்பதால் எங்கும் பொடிப்பொடியாகப் பிறந்து, அலையும் காலி இடங்களைப் பிடித்து வைத்து, உப்பலைத் தள்ளிப்போடுகின்றன. டபராவின் விளிம்பில் கேட்காமல் நடந்த காரியத்தை இங்கே கேட்டு வாங்குகிறார்கள். எந்தப் படிகம் பிறக்கும் என்பதைச் சேர்மானம் சொல்கிறது. எத்தனை பிறக்கும், எங்கே பிறக்கும் என்பதை இழுத்த அளவு சொல்கிறது.

பாத்திரக் கடையில் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது, பெயர் வெட்டுவது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அதிரும் ஊசிமுனைக் கருவியால் டபராவின் பக்கவாட்டில் பெண்ணின் பெயரையோ கிரகப்பிரவேசத் தேதியையோ புள்ளி புள்ளியாகக் குத்தித் தருவார். ஒவ்வொரு குத்திலும் முனைக்குக் கீழே இருக்கும் எஃகு நெரிந்து, பட்டைகள் ஓடி, சந்திகள் உண்டாகி, மார்ட்டென்சைட் பிறக்க இடம் கிடைக்கிறது. அது மெல்லிய தோல் அளவு என்பதால் கைக்காந்தத்துக்குத் தெரியாது. நுண்ணிய காந்தக் கருவிகள் இப்படிப்பட்ட கீறல்களின் அடியில் அதைக் கண்டுபிடித்துவிடும். அந்த டபராவைப் பட்டறைக்கே திருப்பியனுப்பி 1,050 டிகிரியில் ஒருமுறை அனீலிங் போட்டு எடுத்தால், விளிம்பிலும் எழுத்துகளின் அடியிலும் இருந்த மார்ட்டென்சைட் போய்விடும். காந்தம் எங்கே வைத்தாலும் வழுக்கும். பெயர் மட்டும் அப்படியே இருக்கும்.